விடியக்கால நாலு மணி தண்ணி

போன வருஷம் செப்டம்பர்ல ஒரு நாள் காலைல அஞ்சே முக்காலுக்கு போன் அடிச்சுது. எங்க வீட்டுப் பக்கத்து ஏரியில மீன் குத்தகை எடுத்திருக்கற அண்ணன்தான். "பாப்பா, சீக்கிரம் வா, எல்லாம் மெதக்குது"ன்னு சொன்னாரு, அவ்ளோதான், வெச்சுட்டாரு. முகம் கூட கழுவாம வண்டிய எடுத்துட்டு ஓடினேன். கரை மேல ஏறி நின்னு பாத்தா தண்ணியே தெரியல, வயிறு வெள்ளையா வெள்ளையா ஜிலேபியும் கட்லாவும் கெண்டையும் ஒதுங்கிக் கெடக்கு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் மூலைல ஒரு அடி அகலத்துக்கு மெத்தை போட்ட மாதிரி. நாத்தம் இன்னும் ஆரம்பிக்கல. அப்போதான் செத்திருக்கு எல்லாம், சிலது இன்னும் வாய தொறந்து தொறந்து மூடிட்டு இருந்துச்சு.

ஏழு மணிக்குள்ள தெரு வாட்ஸ்அப் குரூப்ல விஷயம் பரவிடுச்சு. யாரோ லாரில கொண்டாந்து கெமிக்கல் கொட்டிட்டாங்கன்னு ஒருத்தர், குத்தகைத் தகராறுல வெஷம் வெச்சுட்டாங்கன்னு இன்னொருத்தர். நான் அந்தக் குவியல்ல குனிஞ்சு ஒண்ணொண்ணா பாத்துட்டு இருந்தேன். ஜிலேபி இருக்கு, கட்லா இருக்கு, ரோகு இருக்கு. விறால் ஒண்ணு கூட இல்ல. தேளியும் இல்ல. இந்த ஏரியில விறால் நிறைய உண்டு, ஞாயித்துக்கிழமை கரையோரம் தூண்டில் போடற பசங்களக் கேட்டா சொல்லுவாங்க. வெஷம்னா விறாலும் செத்துதான் ஆகணும். விறாலும் தேளியும் மேல வந்து காத்தையே நேரா குடிக்கற மீனு, தண்ணில ஆக்ஸிஜன் இல்லன்னாலும் தாக்குப்பிடிக்கும். அப்போ இது வெஷம் இல்ல, மீனுக்கு மூச்சு முட்டியிருக்குன்னு அங்க நின்னுட்டு இருக்கும்போதே எனக்குப் புரிஞ்சு போச்சு.

புரிஞ்சதும் வயித்தக் கலக்கிடுச்சு. ஏன்னா சரியா பத்து நாள் முன்னாடி அதே ஏரியில, அதே மூலைல, நான்தான் ஆக்ஸிஜன் அளந்தேன். 9.2 வந்துச்சு. ஒரு லிட்டருக்கு 9.2 மில்லிகிராம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணிய வகை வகையா பிரிச்சு வெச்சிருக்கு, அதுல மீனும் காட்டுயிரும் வாழறதுக்கான தண்ணின்னு ஒரு வகை இருக்கு, அதுக்கு 4 இருந்தா போதும். எனக்கு அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல வந்திருந்துச்சு. நோட்ல எழுதி பக்கத்துல டிக் போட்டு வெச்சிருக்கேன்.

நான் என்ன பண்றேன்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். சென்னைல ஒரு யுனிவர்சிட்டில பிஹெச்டி, மூணாவது வருஷம். தென்சென்னைப் பக்கம் இருக்கற சில ஏரிகள்ல மாசாமாசம் தண்ணி எடுத்து, அதுல என்ன இருக்கு, அத நம்பி என்னென்ன உசுரு இருக்குன்னு பாக்கறதுதான் வேலை. ஆக்ஸிஜன் அளக்கறதுக்கு இப்போ மீட்டர் எல்லாம் வந்துடுச்சு, ஆனாலும் எங்க மேடம் கையால விங்க்ளர் முறையிலயும் பண்ணித்தான் ஆகணும்னு சொல்லுவாங்க. 300 மில்லி கண்ணாடி பாட்டில், உள்ள ஒரு காத்துக் குமிழி கூட நிக்காம தண்ணிய ரொப்பணும், அதுல மாங்கனீஸ் சல்ஃபேட் 2 மில்லி, அப்புறம் காரமும் அயோடைடும் அஸைடும் கலந்த கரைசல் 2 மில்லி, மூடி போட்டுத் தலைகீழா கவுத்துக் கவுத்து ஆட்டணும். தண்ணில ஆக்ஸிஜன் இருந்தா பழுப்பா, நல்ல டிகாஷன் கலர்ல திரிதிரியா ஒண்ணு உருவாகி மெதுவா அடில போய்ப் படியும். எவ்ளோ பழுப்போ அவ்ளோ ஆக்ஸிஜன். ஆக்ஸிஜனே இல்லன்னா அந்தத் திரி வெள்ளையா இருக்கும். அப்புறம் ஆசிட் விட்டு, ஸ்டார்ச் விட்டு, நீலம் போற வரைக்கும் சொட்டு சொட்டா தயோசல்ஃபேட் விட்டு கணக்குப் பண்றது எல்லாம் இருக்கு, ஆனா உண்மைல அந்தத் திரியோட கலர பாத்த உடனே பாதி பதில் தெரிஞ்சுடும். அன்னைக்கு எனக்கு நல்ல அடர்த்தியான பழுப்பு.

அண்ணன் வலைய இழுத்து செத்தத எல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கிட்டே கேட்டாரு, "நீ எத்தினி மணிக்கு வந்து அளந்த?" பதினோரு மணின்னு சொன்னேன். "மீனு விடியக்காலதாமா வாய பொளக்கும். வெயில் ஏறினா அதுபாட்டுக்கு உள்ள போயிடும். ராத்திரி நோவு வர்றவன பகல்ல போய்ப் பாத்தா என்னாத்த தெரியும்?" அவரு கோவமா சொல்லல. அந்த ஏரியில பல வருஷமா எறங்கி நின்ன மனுஷன், என்கிட்ட இதச் சொல்லணும்னு அவருக்குத் தோணவே இல்ல, ஏன்னா எனக்கு இது தெரியும்னு நெனச்சிருக்காரு, படிச்ச பொண்ணாச்சே.

எனக்குத் தெரியாம இல்ல. புத்தகத்துல படிச்சு பரிட்சைல எழுதினதுதான். சாக்கடை கலக்கற ஏரியில நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொட்டிக் கெடக்கும், அதத் தின்னு தண்ணி முழுக்கப் பாசி பச்சைப் பசேல்னு பெருகும். பகல்ல வெயில்ல பாசி ஆக்ஸிஜன விட்டுக்கிட்டே இருக்கும், அளந்தா பிரமாதமா இருக்கும். ராத்திரில அதே பாசி ஆக்ஸிஜன இழுக்க ஆரம்பிக்கும், அடில மக்கற குப்பையும் இழுக்கும், மீனும் இழுக்கும், விடியறதுக்கு முன்னாடி தண்ணி காலியாயிடும். நடுவுல ரெண்டு மூணு நாள் மூட்டம் போட்டு வெயிலே இல்லாம போச்சுன்னா பகல் சேமிப்பும் கம்மி, அவ்ளோதான், மறுநாள் காலைல மெதக்கும். அந்த வாரம் மூணு நாள் வானம் மூடித்தான் இருந்துச்சு. இன்னொண்ணு, நம்ம ஊர் வெயில்ல 30 டிகிரில தண்ணி தானா புடிச்சு வெச்சுக்கற ஆக்ஸிஜனே 7.5 பக்கம்தான். அதுக்கு மேல 9.2 வந்துச்சுன்னாலே பாசி ஓவரா இருக்குன்னு அந்த நம்பர் எனக்குச் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கு. நான் டிக் போட்டுட்டு வந்துட்டேன்.

ஏன் பதினோரு மணி? டிபார்ட்மென்ட் வண்டி ஒன்பது மணிக்குத்தான் கெளம்பும், டிரைவர் அண்ணாவோட டியூட்டி டைம் அது. வேளச்சேரி டிராஃபிக்க தாண்டி ஏரிக்குப் போக பத்தரை. லேப் அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க, அதுக்குள்ள சாம்பிள் கொண்டாந்து சேக்கணும். ஆக மொத்தம் எல்லா மாசமும், எல்லா ஏரியும், பத்தரைல இருந்து ஒரு மணிக்குள்ள. எனக்கு முன்னாடி அங்க வேலை பாத்தவங்களோட நோட்ட எடுத்துப் பாத்தேன், அவங்களும் அதே நேரம். இத்தன வருஷமா நாங்க அளந்தது எல்லாமே வண்டி கெடைக்கற நேரத்துத் தண்ணி.

இதுல என்னை ரொம்ப வருத்தப்பட வெச்சது வேற ஒண்ணு. மீன் செத்ததுக்கு அப்புறம் ஏரி பக்கத்துக் குடியிருப்போர் சேர்ந்து சாக்கடைக் குழாய அடைக்கச் சொல்லி ஒரு அலுவலகத்துல மனு குடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு, ஆய்வுல ஆக்ஸிஜன் அளவு தேவைக்கு மேலயே இருக்கு, தண்ணி நல்ல நிலையில இருக்குன்னு. எங்க டிபார்ட்மென்ட்ல இருந்து போன அறிக்கைல இருந்த என்னோட நம்பர் அது. அந்தப் பதில குரூப்ல போட்டோ புடிச்சுப் போட்டிருந்தாங்க, நான் ராத்திரி முழுக்கத் தூங்கல.

நம்ம ஊரே தண்ணிய அப்படித்தான் பாக்குதுன்னு எனக்கு இப்போ தோணிக்கிட்டே இருக்கு. வெள்ளமா வந்தா ஒரு தடவை, வத்திப் போனா ஒரு தடவை. 2015 டிசம்பர்ல வீட்டுக்குள்ள வந்தப்போ பாத்தோம். 2019ல புழலும் செம்பரம்பாக்கமும் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்தப்போ பாத்தோம், ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்தப்போ டிவில லைவ் ஓடிச்சு. நடுவுல இருக்கற மாசங்கள்ல யாரும் எட்டிப் பாக்கறது இல்ல. வருஷத்துக்கு சராசரியா 1400 மில்லிமீட்டர் மழை பெய்யற ஊரு இது, அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகைய ஒட்டி ஒரு சில வாரத்துல கொட்டித் தீத்துடுது, மிச்ச மாசமெல்லாம் அத வெச்சுப் பொழைக்கணும். அப்படிப் பொழைக்கத்தான் செங்கல்பட்டு ஜில்லா முழுக்க ஏரி மேல ஏரியா சங்கிலி மாதிரி கோத்து வெச்சிருந்தாங்க, மேல் ஏரி ரொம்பினா கலங்கல் வழியா கீழ் ஏரிக்கு.

பள்ளிக்கரணைச் சதுப்பு நெலத்த எடுத்துக்கோங்க. மே மாசம் போய் ஓரத்துல நின்னா காஞ்ச மைதானம், டிசம்பர்ல அதே எடம் கடல். பெரியவங்க அத கழுவெளின்னு சொல்லுவாங்க, வருஷத்துல கொஞ்ச மாசம் தண்ணி வந்து தங்கி ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்ல எறங்கி கோவளம் பக்கம் கடலுக்குப் போற வெளி. மே மாசம் மட்டும் பாத்தவங்க அத வேஸ்ட் நெலம்னு எழுதினாங்க, குப்பை கொட்டினாங்க, பிளாட் போட்டு வித்தாங்க. பிளாட் காட்டறவங்க எப்பவும் கோடைலதான் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க, கவனிச்சிருக்கீங்களா. ஒரு காலத்துல சுமாரா 5000 ஹெக்டேருக்குப் பரந்து கெடந்துச்சு. 2007ல 317 ஹெக்டேர காப்புக்காடா அறிவிச்சாங்க, 2022ல 1247 ஹெக்டேருக்கு, உலக அளவுல முக்கியமான ஈர நெலம்னு குடுக்கற ராம்சார் அந்தஸ்து கெடைச்சுது. இவ்ளோ மிதிபட்டும் இன்னும் அங்க நீலத் தாழைக்கோழி குஞ்சுகளக் கூட்டிட்டு நடக்குது, தண்ணி குறைஞ்சு சேறு தெரியறப்போ பூநாரை வந்து நிக்குது. ரோட்டு மேல பஸ் நிக்கற எடத்துல இருந்தே பாக்கலாம்.

ஆனா நான் அதிகம் கத்துக்கிட்டது வேடந்தாங்கல்லதான். எங்க மாமா ஊரு அதுக்குப் பக்கம், மதுராந்தகம் தாண்டி. சின்ன வயசுல லீவுக்குப் போனா பறவை பாக்கக் கூட்டிட்டுப் போவாரு. 30 ஹெக்டேர் ஏரி, நடுவுல தண்ணிலயே நிக்கற கடப்ப மரங்க, அது மேல நத்தைகுத்தி, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா, எல்லாம் மாடி வீடு மாதிரி அடுக்கடுக்கா. 1798லயே அந்த ஊர்க்காரங்க, இந்தப் பறவைய யாரும் சுடக் கூடாதுன்னு அப்போ இருந்த கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட எழுதி வாங்கினாங்க. சுதந்திரம் இல்ல, வனவிலங்குச் சட்டம் இல்ல, அதெல்லாம் வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி. காரணம் பாசம் மட்டும் இல்ல. பறவை எச்சம் விழுந்த தண்ணி மதகு வழியா வயலுக்குப் பாயுது, அது உரத்தண்ணி. மாமா சொல்லுவாரு, அந்தத் தண்ணி பாயற கழனில யூரியா கையே கம்மியாதான் போடணும்னு.

இத நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், ஆனா மீன் செத்ததுக்கு அப்புறம் கேட்டப்போ வேற மாதிரி காதுல விழுந்துச்சு. பறவை எச்சத்துல இருக்கறதும் நைட்ரஜன், பாஸ்பரஸ்தானே. எங்க ஏரியில சாக்கடைல வர்றதும் அதே நைட்ரஜன், பாஸ்பரஸ்தான். அங்க அது நெல்லாகுது, இங்க அது பாசியாகி மீனக் கொல்லுது. வித்தியாசம் மதகு. எங்க ஏரிக்கும் ரெண்டு மதகு இருந்திருக்கு, ஒண்ணு இன்னும் கரைல இருக்கு, கல்லுல கட்டினது, அரசமரம் மொளைச்சுப் போயி. அதுக்குக் கீழ ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணி பாஞ்ச கழனி, இருந்த எடத்துல இப்போ நாலு மாடி அபார்ட்மென்ட்டும் ஒரு கல்யாண மண்டபமும் இருக்கு. கழனி இல்ல, அதனால மதகு தொறக்கறது இல்ல, அதனால உள்ள வந்த சத்து வெளிய போக வழியே இல்ல. கால்வாய்ல வர்றது எல்லாம் தேங்கித் தேங்கி அப்படியே நிக்குது. நான் மூணு வருஷமா தண்ணில எவ்ளோ நைட்ரேட் இருக்குன்னு அளந்தேன், அது எங்க போகணும்னு ஒரு நாளும் யோசிக்கல.

வேடந்தாங்கல்ல சாயங்காலம் ஆறு ஆறரைக்கு கரை மேல நின்னீங்கன்னா ஒண்ணு பாக்கலாம். வெளிய மேயப் போன கொக்கும் நாரையும் கூட்டம் கூட்டமா திரும்பி வந்து எறங்கும், அதே நேரத்துல, ராத்திரில இரை தேடற வக்கா எல்லாம் மரத்துல இருந்து கெளம்பி வெளிய போகும், குவாக் குவாக்னு கத்திக்கிட்டு. இவங்க வேலை முடிஞ்சு வர்றாங்க, அவங்க வேலைக்குப் போறாங்க. அந்த 30 ஹெக்டேர்ல பறவை தங்கத்தான் செய்யும், இரை தேடறது சுத்துவட்டாரத்துல இருக்கற ஏரி, குளம், வயல் எல்லாத்துலயும்தான். அதனால வேடந்தாங்கல்ல மட்டும் காப்பாத்தினா வேடந்தாங்கல் நிக்காது. ராத்திரி வக்கா எந்த ஏரிக்குப் போகுதோ அந்த ஏரியோட ராத்திரித் தண்ணியும் நல்லாருக்கணும்.

ராத்திரி வேலைன்னதும் பெசன்ட் நகர் பசங்கள சொல்லாம இருக்க முடியல. ஆலிவ் ரிட்லிய நம்ம மீனவங்க பங்குனி ஆமைன்னு சொல்லுவாங்க, முட்டை போட வர்ற மாசத்தையே பேரா வெச்சிருக்காங்க, அதுவே ஒரு ரெக்கார்டு மாதிரி. 1988ல இருந்து சென்னைல ஸ்டூடன்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்னு காலேஜ் பசங்க சீசன்ல ராத்திரி ராத்திரி நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவுல கடற்கரைல நடந்து, முட்டைய எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்துல வெச்சு, குஞ்ச கடல்ல விட்டு, எத்தனை கூடு, எத்தனை செத்த ஆமைன்னு எண்ணி எழுதி வெச்சுட்டு வர்றாங்க. யாரும் சம்பளம் குடுக்கல. 2025 ஜனவரில சென்னைலயும் பக்கத்துக் கரைலயும் ஆயிரத்துக்கு மேல ஆமை செத்து ஒதுங்கினப்போ, இது வழக்கமா நடக்கறதுதானா இல்ல இந்த வருஷம் மோசமான்னு கேள்வி வந்துச்சு. மோசம்னு அடிச்சுச் சொல்ல முடிஞ்சுதுன்னா, ஒண்ணுமே நடக்காத வருஷங்கள்லயும் தூக்கத்த விட்டுட்டு நடந்து எண்ணினவங்க இருந்ததாலதான். நானும் காலேஜ் படிக்கும்போது ஒரு தடவை போயிருக்கேன். விடியறப்போ கால் ரெண்டும் கழண்டு போச்சு, அன்னைக்கு ஒரு ஆமை கூட வரல. கூட வந்த அண்ணா நோட்ல அன்னைக்குத் தேதி போட்டு பூஜ்யம்னு எழுதினாரு, பாத்தேன்.

அத நெனச்சுத்தான் மேடம்கிட்ட போய்க் கேட்டேன். 24 மணி நேரம், மூணு மணிக்கு ஒரு தடவை, ஒரே எடத்துல சாம்பிள் எடுக்கணும்னு. அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "லேப் சாவிய நானே வெச்சுக்கறேன், ஆனா தனியா போகாத"ன்னாங்க. டிபார்ட்மென்ட் வண்டி கெடைக்கல. என் தம்பி வந்தான், ஜூனியர் பொண்ணு ஒருத்தி வந்தா, அண்ணன் படகு குடுத்தாரு.

ஜனவரில பண்ணினோம். காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சோம். பகல் பன்னெண்டு மணி பாட்டில் நல்ல பழுப்பு, மத்தியானம் மூணு மணி அதவிட அடர்த்தி, 11க்கு மேல வந்துச்சு. ஆறு மணிக்கு 8. ஒன்பதுக்கு 5. ராத்திரி பன்னெண்டுக்கு 3க்கும் கீழ. கரைல தார்ப்பாய் விரிச்சு, எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துல பாட்டில வரிசையா நிக்க வெச்சா கண்ணு முன்னாடியே கலர் எறங்கிட்டு வருது, டிகாஷன், டீ, பால் டீ. கொசு புடுங்கி எடுத்துச்சு. மூணு மணி பாட்டில் லேசா மஞ்சள் கலந்த வெள்ளை. அப்புறம் நாங்க கணக்குல இல்லாத ஒண்ணு எக்ஸ்ட்ராவா எடுத்தோம், அண்ணன் சொன்னாருன்னு, நாலரை மணிக்கு. மாங்கனீஸ் விட்டு, அடுத்தது விட்டு, மூடி போட்டு ஆட்டினேன். வெள்ளை. பால்ல எலுமிச்சை பிழிஞ்சா திரியுமே அது மாதிரி சுத்த வெள்ளையா திரிஞ்சு மெதுவா கீழ எறங்குச்சு. ஜூனியர் பொண்ணு, "அக்கா நான் வெள்ளைய இப்போதான் மொத தடவையா பாக்கறேன்"ன்னா. நானும்தான். மூணு வருஷம், எத்தனையோ பாட்டில், எனக்கும் அதான் மொத வெள்ளை.

அண்ணன் டார்ச்ச தண்ணி மேல அடிச்சாரு. தண்ணி மட்டத்துல நூறு நூறா சின்ன வாய், தொறந்து மூடி தொறந்து மூடி. சத்தம் கூட கேட்டுச்சு, மெல்லிசா, அரிசி களையற மாதிரி. மேல எங்கயோ இருட்டுல ஒரு வக்கா குவாக்னு கத்திட்டுப் போச்சு. அண்ணன் ஒண்ணும் பேசல, டார்ச்ச மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுட்டு இருந்தாரு.

அந்த ஒன்பது தடவை எடுத்த நம்பரையும் ஒரே பக்கத்துல, பக்கத்துல மணியும் போட்டு, குடியிருப்போர் சங்கத்துக்குக் குடுத்திருக்கேன். மேடம் கையெழுத்து போட்டாங்க. அத வெச்சு மறுபடி மனு போட்டிருக்காங்க, இன்னும் பதில் வரல. என் தீசிஸ்ல பழைய நம்பர் எல்லாத்துக்கும் பக்கத்துல எடுத்த நேரத்த ஒரு தனி வரிசையா சேக்கறேன், எனக்கு முன்னாடி பண்ணினவங்க நோட்ல நேரம் எழுதாததும் நிறைய இருக்கு, அதெல்லாம் விட்டுத்தான் ஆகணும்.

அண்ணன் இன்னொண்ணு சொல்லியிருக்காரு. ஜனவரி பரவால்ல, பனிக்காலம், தண்ணி சில்லுன்னு இருக்கும், மீனு தாங்கிக்கும், நெஜமா பாக்கணும்னா மூட்டம் போட்ட ரெண்டாம் நாள் ராத்திரி வான்னு. அதனால இப்போ தெனமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் மேற்கப் பாத்துட்டு எறங்கறேன். பாட்டில் எல்லாம் கழுவிக் காயவெச்சு பைல ரெடியா இருக்கு. இன்னைக்கு மேகம் கூடுற மாதிரி இருக்கு. நாளைக்கும் இப்படியே இருந்தா தம்பிகிட்ட வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வெக்கச் சொல்லணும்.